ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது

பினாங்கு ஜார்ஜ்டவுனில் லெபோ ஆர்மேனியன் என்ற தெருவில் ஒரு சுவர் இருக்கிறது. அக்காளும் தம்பியுமாக இரண்டு பிள்ளைகள் சைக்கிளில் போவதுபோல் அதில் ஓர் ஓவியம். பிள்ளைகள் மட்டும்தான் ஓவியம். சைக்கிள் நிஜ சைக்கிள், சுவரோடு சேர்த்துப் பொருத்தியது. லித்துவேனியா நாட்டைச் சேர்ந்த ஏர்னஸ்ட் ஸாகாரேவிச் என்ற இளைஞர் 2012இல் ஜார்ஜ்டவுன் விழாவை ஒட்டி வரைந்தது. பள்ளி விடுமுறை நாளில் போனால் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள நீங்கள் வரிசையில் நிற்கவேண்டும்.

அந்த வரிசையைச் சுற்றிக்கொண்டுதான் நானும் என் அக்காவும் அத்தானும் ஒரு தரகர் பின்னால் நடந்து போனோம். வீடு பார்க்க.

அத்தானைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா பால்மரம் வெட்டி முப்பது வருடத்துக்கு மேல் உழைத்தவர். வேலை நின்றது, லயத்து வீடும் அத்தோடு நின்றது. நாற்காலி, மேசை, சாமி படம், கோழிக்கூண்டு எல்லாம் லாரியில் ஏறிய அந்தக் காலைப்பொழுதை அத்தான் இன்றைக்கும் சொல்லுவார். பிறகு பிறை தொழிற்சாலையில் ஸ்டோர் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றார். சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, கிராண்டுல நம்ம பேரு இருக்கணும்." தோட்டத்திலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்களில் கேட்ட வார்த்தைதான் இது.

அக்காவுடைய ஆசை வேறு. நாங்கள் இருவரும் பிறந்தது ஜார்ஜ்டவுன் பட்டணத்தில், லெபோ குவீன் மாரியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு வாடகை வீட்டின் மேல்மாடியில். 1833இல் எழுந்த கோயில் அது. காலையில் கோயில் மணி, அடுத்த தெருவிலிருந்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பாங்கு, பின்சந்தில் காப்பிக் கொட்டை வறுக்கும் வாசனை. இந்த மூன்றும் இல்லாத வீட்டை அக்கா வீடாகவே நினைத்ததில்லை. கல்யாணமாகிப் பட்டர்வொர்த்துக்குப் போய் நாற்பது வருடம் ஆகியும் அப்படித்தான்.

வாடகை மாதம் நாற்பது வெள்ளி

அந்த வீட்டுக்கு அப்பா கொடுத்த வாடகை மாதம் நாற்பது வெள்ளி. கதையல்ல. 1948 ஜனவரி இறுதிக்குள் கட்டிமுடித்த பழைய கட்டடங்களுக்கு அன்று வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 1966ஆம் ஆண்டுச் சட்டம் அது. வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு வாடகையை ஏற்ற முடியாது, குடியிருப்பவரை எழுப்பவும் முடியாது. ஜார்ஜ்டவுனில் ஆயிரக்கணக்கான வீடுகள் இதற்குள் அடக்கம். துறைமுகக் கூலி, பூக்கட்டுகிறவர், பத்தர், தையல்காரர், சவரக்கடைக்காரர் எல்லோரும் பட்டணத்தின் நடுவிலேயே வாழ முடிந்தது இதனால்தான். அதே காரணத்தால்தான் வீட்டுக்காரர்கள் ஓட்டைக்கூட மாற்றித் தரவில்லை. நாற்பது வெள்ளி வாங்குகிறவர் நாலாயிரம் வெள்ளிக்குக் கூரை போடுவாரா? அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது.

அந்தச் சட்டத்தை நீக்க 1997இல் வேறொரு சட்டம் வந்தது. 1999 டிசம்பரோடு கட்டுப்பாடு முடிந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது எங்கள் வீட்டுக்கும் கடிதம் வந்தது. புதிய வாடகையைப் படித்துவிட்டு அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை. மூன்று மாதத்தில் ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடிக்குப் போனோம். எங்கள் வரிசையிலிருந்த பல குடும்பங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் காலி செய்தன. சில வீடுகளில் மனிதருக்குப் பதில் கூடுகட்டும் குருவிகள் குடியேறின. ஜன்னலை அடைத்து, ஒலிப்பெருக்கியில் குருவிச் சத்தம் வைத்து, உள்ளே ஈரம் ஏற்றி, கூடு அறுத்து விற்றார்கள். அந்த ஈரத்தில் சுவரும் மரமும் அழுகின. பாரம்பரிய வட்டாரத்திலிருந்து குருவி வளர்ப்பை 2013 முடிவுக்குள் அகற்ற உத்தரவு வந்த பிறகுதான் அது ஓய்ந்தது.

இதற்கிடையில் 2008 ஜூலையில் யுனெஸ்கோ, மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் எழுதியது. 2010இலிருந்து ஆண்டுதோறும் கலைவிழா என்று ஆரம்பித்தார்கள். தெருவுக்குத் தெரு இரும்புக் கம்பியை வளைத்து நையாண்டிச் சித்திரங்கள் மாட்டினார்கள். பிறகு சுவரோவியங்கள். ஜாலான் குருத்வாராவில் பாழடைந்து கிடந்த ஹின் பஸ் டிப்போ 2014இல் ஓவியக்கூடமாக மாறியது. பட்டணம் அழகாகிவிட்டது, மறுப்பதற்கில்லை. ஆனால் சைக்கிள் ஓட்டும் அந்தச் சுவர்ப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம், நிஜமாகவே அந்தத் தெருக்களில் சைக்கிள் ஓட்டிய பிள்ளைகள் எங்கே போனார்கள் என்ற கேள்வி என் வாய்வரை வரும். கேட்பதில்லை. அக்கா பக்கத்தில் இருப்பாள்.

பட்டணம் ஏதோ பெரிது என்று எண்ணிவிடாதீர்கள். பாரம்பரியப் பகுதியின் மையவட்டம் 109.38 ஹெக்டேர், அதைச் சுற்றிய காப்புவட்டம் 150.04 ஹெக்டேர். தோட்டத்துக் கணக்கில் சொன்னால் இரண்டும் சேர்ந்து சுமார் 640 ஏக்கர். ஒரு சுமாரான டிவிஷன் அளவுதான். இதற்குள் வீடு வேண்டுமென்று உள்ளூர்க்காரரும் கோலாலம்பூர்க்காரரும் சிங்கப்பூர்க்காரரும் போட்டியிட்டால் விலை எங்கே போய் நிற்கும்? மையவட்டத்தில் பத்து லட்சம் வெள்ளிக்குக் கீழே ஒரு கடைவீடு கேட்டபோது தரகர் மரியாதையாகத்தான் சிரித்தார்.

சுவர் பேசும்

எங்களுக்குக் காட்டியது காப்புவட்டத்து வீடு. இரண்டு மாடி, முகப்பு ஒடுக்கம், உள்ளே போகப் போக ரயில்பெட்டி மாதிரி நீளம். முன்னால் அஞ்சடி. நடுவில் வானம் பார்த்த முற்றம். இந்த வீடுகள் எல்லாம் அப்படித்தான். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர், ஜன்னல் வைக்க இடமில்லை. வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாகத்தான் வரவேண்டும். வெப்பக்காற்று மேலே ஏறி முற்றத்து வழியே போய்விடும், அஞ்சடியிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். முன்னிருந்தவர் அந்த முற்றத்தைப் பிளாஸ்டிக் தகட்டால் மூடி வைத்திருந்தார். வீடு அடுப்பாகிவிட்டது.

சுவருக்குப் புதிதாகச் சாயம் அடித்திருந்தது. வெள்ளை வெளேரென்று பார்க்க நன்றாகவே இருந்தது. அத்தானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அக்கா மட்டும் சுவரின் அடிப்பக்கம் குனிந்து பார்த்தாள். முழங்கால் உயரத்துக்குச் சாயம் கொப்பளம் கொப்பளமாக எழும்பியிருந்தது. நகத்தால் கீறினாள். உப்புத்தூள் உதிர்ந்தது.

"சிமிட்டி பூசியிருக்காங்க" என்றாள். "அப்பா இருந்தா திட்டியிருப்பாரு."

வீடு பார்க்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்துக் கடைவீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அஸ்திவாரத்தில் நீர் தடுக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. கடலோரப் பட்டணம், நிலத்தடி நீர் கிட்டத்திலேயே இருக்கும். செங்கல் அந்த ஈரத்தை உறிஞ்சி மேலே இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் ஈரம் அதன் வழியாக வெளியேறிக் காற்றில் போய்விடும். சுவர் மூச்சு விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். சிமெண்டு பூசினால் வழி அடைபடும். ஈரம் உள்ளே தங்கி இன்னும் மேலே ஏறும், உப்பு படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். மேலே எத்தனை கோட் பிளாஸ்டிக் சாயம் அடித்தாலும் ஆறு மாதத்தில் கொப்பளிக்கும். பழைய பூச்சு உதிர்கிறதே என்று நல்லெண்ணத்தில் சிமெண்டு பூசியவர்கள்தான் பட்டணத்தில் அதிகம். சரிசெய்ய வேண்டுமானால் சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுவரை மாதக்கணக்கில் காயவிட்டு, மறுபடி சுண்ணாம்பு பூசவேண்டும்.

இதைக் கட்டடக்கலை படித்தவர்கள் இப்போது கூட்டம் போட்டுச் சொல்லித் தருகிறார்கள். எங்கள் அப்பா தீபாவளிக்குத் தீபாவளி மண்ணெண்ணெய் டின்னில் சுண்ணாம்பு கரைத்து, கொஞ்சம் நீலம் போட்டு அடிப்பார். நீலம் அதிகமானால் அம்மாவுக்குக் கோபம் வரும். மூச்சு விடுகிற சுவர் என்றெல்லாம் அவருக்குத் தெரியாது. வாங்கச் சுண்ணாம்புதான் மலிவு.

அடுத்தது மரம். மேல்மாடித் தரை பலகை, அதைத் தாங்குவது மரத்துலாம். துலாத்தின் நடுவைத் தட்டிப் பார்ப்பதில் பயனில்லை. சுவருக்குள் நுழைகிற முனையைத் தட்டுங்கள். ஈரச்சுவரும் கரையானும் சேர்ந்து வேலை காட்டுவது அங்கேதான். செங்கால் மரமாக இருந்தால் நூறு வருடமும் தாங்கும். நாங்கள் பார்த்த வீட்டில் ஐந்தாவது துலாம் டொப்பென்று சத்தம் போட்டது. தரகர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அஞ்சடிக்குப் போய்விட்டார்.

கூரையைப் பார்க்க மழை நாளில் போகவேண்டும். இன்னொரு முறை ராத்திரியில் போகவேண்டும், பக்கத்துக் கடை மதுக்கடையா, பாட்டுக்கடையா என்று தெரியும். மூன்றாவது முறை ஞாயிற்றுக்கிழமை போய், கார் நிறுத்த இடம் தேடிப் பார்க்கவேண்டும். இந்த மூன்று முறையும் போகாமல் முன்பணம் கட்டாதீர்கள்.

வாங்கினாலும் முழுச் சொந்தமில்லை

காசு கொடுத்து வாங்கிய வீட்டில் நம் இஷ்டப்படி செய்யலாம் என்பது நம் எண்ணம். பாரம்பரியப் பகுதியில் அப்படியில்லை. இங்கே கட்டடங்களை வகை பிரித்திருக்கிறார்கள். மிகச் சிறப்பானவை முதல் வகை, மற்றப் பழைய கட்டடங்களில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. இதற்கான சிறப்புப் பகுதித் திட்டம் 2016இல் அரசிதழில் வந்து சட்டமாயிற்று. முகப்பு, கூரை, முற்றம், மாடிப்படி எதையும் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் அனுமதி இல்லாமல் மாற்ற முடியாது. அலுமினிய ஜன்னல் மாட்டலாம், ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போடலாம் என்று கனவு காணவேண்டாம். லெபோ ஆச்சேயில் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய அலுவலகம் இருக்கிறது. முன்பணம் கட்டுவதற்கு முன்னால், பின்னால் அல்ல, அங்கே போய் அந்த வீட்டின் வகை என்ன, என்னென்ன செய்யக்கூடாது என்று கேளுங்கள். முன்னிருந்தவர் அனுமதியில்லாமல் செய்த மாற்றம் ஏதாவது இருந்தால் அந்தத் தலைவலியும் வீட்டோடு சேர்த்து உங்களுக்கு வரும்.

இந்தக் கட்டுப்பாடுகளை அத்தான் குறையாகச் சொன்னார். என் கருத்து வேறு. இந்தக் கட்டுப்பாடு இல்லாதிருந்தால் நமக்குப் பார்க்கவே ஒரு வீடு மிஞ்சியிருக்காது. லெபோ லீத்தில் செவுங் பாட் ஸேயின் நீல மாளிகை இருக்கிறதே, 1980களின் முடிவில் இடிந்துவிழும் நிலையில் கிடந்தது. பினாங்குக்காரர்கள் சிலர் கூடி வாங்கி, பழைய முறைப்படியே பழுதுபார்த்தார்கள். 2000இல் அதற்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது. அவர்களிடம் பணமும் படிப்பும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஸ்டோர் கிராணியின் சேமநிதிக் கணக்கு வேறு.

அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். ஓய்வு பெற்றவருக்கு வங்கி நீண்டகாலக் கடன் தருவதில்லை, பொதுவாக எழுபது வயதுக்குள் அடைத்துவிட வேண்டும் என்பார்கள். ஆகவே பெரும்பகுதி கைப்பணம். மாற்றுப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை முதல் லட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்த நாலு லட்சத்துக்கு 2, அதற்குமேல் பத்து லட்சம்வரை 3. ஏழு லட்சம் வெள்ளி வீட்டுக்கு அதுவே பதினைந்தாயிரம். வழக்கறிஞர் கூலி தனி. அத்தான் அழைத்து வந்த கொத்தனார் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பழுதுபார்க்கும் செலவு விலையில் பாதியைத் தொடும் என்றார். நல்ல மனிதர். கூலி வாங்காமல் காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் பிறகு அக்கா மனம் மாறவில்லை. முடிவுகட்டியது கிராண்டுதான்.

நில அலுவலகத்தில் சர்ச் எடுத்தபோது உரிமையாளர் பெயர் எப்போதோ இறந்துபோன ஒரு பெரியவருடையது. வாரிசுகள் ஏழு பேர். இரண்டு பேர் வெளிநாட்டில், ஒருவர் எங்கே என்றே தெரியவில்லை. சொத்து நிர்வாக உத்தரவு எடுக்கவேயில்லை. ஆனால் அவர்களில் ஒருவர் சார்பில் தரகர் எங்களிடம் பத்து விழுக்காடு முன்பணம் கேட்டுக்கொண்டிருந்தார்! பழைய பட்டணங்களில் இது அபூர்வமல்ல. பாட்டன் பெயரிலேயே நிற்கும் கிராண்டுகள், பங்கு பங்காகச் சிதறிய கிராண்டுகள், நிலம் வக்பு அல்லது கொங்சிக்குச் சொந்தமாகி மேலேயுள்ள கட்டடம் மட்டும் வேறொருவருடையதாக இருப்பது, எல்லாம் உண்டு. வீடு வேறு, நிலம் வேறு என்பதை நம்மவர்கள் மறக்கவே கூடாது. பினாங்கிலேயே கம்போங் புவா பாலாவில் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து, வீடு கட்டி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு நிலத்துக் கிராண்டு கையில் இல்லை. 2009இல் கிராமத்தை இடித்தார்கள். வீடு கட்டியது அவர்கள் கைதான், யாரும் இல்லையென்று சொல்லவில்லை. தரகரின் பதிவு எண்ணைக் கேளுங்கள், சர்ச்சை நீங்களே எடுங்கள், விற்பவரின் வழக்கறிஞரையே உங்களுக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அத்தான் சர்ச் காகிதத்தை இரண்டு முறை படித்தார். "நம்ம பேரு ஏறுறதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன், தம்பி" என்றார். அக்கா பதில் சொல்லவில்லை. அன்று முழுக்கப் பேசவில்லை.

கடைசியில் ஜெலுத்தோங் பக்கம் மூன்றாவது மாடியில் பழைய அடுக்குமாடி வீடொன்று வாங்கினார்கள். மூன்று அறை, தனிப்பட்டா, கிராண்டில் அத்தான் பெயரும் அக்கா பெயரும் சேர்ந்தே இருக்கிறது. ரொக்கம் கட்டியதுபோகக் கையில் கொஞ்சம் மிச்சம். வெள்ளிக்கிழமை தோறும் பஸ் பிடித்து லெபோ குவீனுக்கு வந்து அம்மனைக் கும்பிட்டுவிட்டு, லெபோ பசாரில் பூவும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு போகிறாள். கோயில் மணி கேட்கிறது, பாங்கு கேட்கிறது. காப்பி வறுக்கிற வாசனை மட்டும் இப்போது இல்லை. அந்த இடத்தில் ஒரு தங்கும் விடுதி.

போன தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையில், லெபோ பினாங்கு கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படுவதைப் பார்க்க மூவரும் போயிருந்தோம். ரதம் போனதும் அத்தான் தேநீர்க் கடைப் பக்கம் திரும்பினார். அக்கா எதிர்ப்பக்கம் நடந்தாள். எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியும்.

அந்த வீட்டு முன்னால் மூங்கில் சாரம் கட்டியிருந்தது. யாரோ பொறுமைசாலி ஏழு வாரிசுகளையும் பிடித்துவிட்டார் போலிருக்கிறது. சிமெண்டையெல்லாம் கொத்தி எடுத்து, செங்கல் அப்படியே சிவப்பாகத் தெரிந்தது. முற்றத்துத் தகட்டையும் கழற்றிவிட்டார்கள், உள்ளே வெயில் விழுந்திருந்தது. அஞ்சடியில் ஏறி நின்று அக்கா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் ஈரம் இருக்குடா" என்றாள். "மழைக்கு முன்னாடி சுண்ணாம்பு பூசிடக்கூடாது. காயட்டும்னு அந்த ஆளுங்ககிட்ட யாராச்சும் சொன்னா தேவல."

உள்ளே வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் அவளே போய்ச் சொன்னாள்.